கயிறு முடியும் இடம்

ஜூலை 7, இரவு

அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூடத் தங்கியிருப்பவர்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழிப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள், அப்போதுதான் துண்டுகளை ஒட்டி யாரும் படிக்க முடியாது. சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காகிதத்தில் எழுதுவது ஏன் என்று கேட்பாய். என் கைபேசியிலும் வீட்டுக் கணினியிலும் அப்பாவின் காவல்காரன் மறுபடி வந்துவிட்டான். நீ பிடுங்கிப் போட்ட அதே கண்காணிப்பு மென்பொருள்தான். நீ கோபித்துக்கொண்டு போன மறுநாளே கணினி பழுது பார்க்கிற கடைக்காரர், நம் 'வைத்தியர்', வந்து திரும்பப் போட்டுவிட்டுப் போனார். நான் தட்டுகிற எழுத்தெல்லாம் அவனுக்குத் தெரியும். பேனாவால் எழுதினால் தெரியாது. நீ போகும்போது என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போன முகவரி இதற்காவது உதவட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்கு உன்னிடம் தனியாகச் சண்டை இருக்கிறது. அது பிறகு.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அறைக் கதவில் இப்போதும் தாழ்ப்பாள் கிடையாது. இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அப்பா திறந்து உள்ளே வந்த பிறகுதான் "என்ன பண்றே?" என்பார். அதனால் இடையில் எழுத்து கோணிக்கொண்டு போனால், அவர் இன்னும் வேலைக்குக் கிளம்பாமல் வராந்தாவில் நடக்கிறார் என்று புரிந்துகொள்.

நீ போனதிலிருந்து அப்பா தினமும் பத்து மணிக்கு ரவுட்டரை அணைக்கிறார். "அவன் தூரத்துல இருந்துக்கிட்டே உள்ள வர்ற ஆளு"ன்னு அம்மாவிடம் சொன்னார். அவன் என்றால் நீ. இப்போது அவருக்கு இரவு வேலை. கட்டடங்களில் ஆட்கள் போன பிறகுதான் லிஃப்ட்டைச் சோதிக்க முடியுமாம். கிளம்பும்போது ரவுட்டரின் மின்சார வயரைக் கழற்றிச் சுருட்டித் தன் கருவிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவில் நம் வீட்டு இணையம் ஊர் சுற்றிவிட்டுக் காலையில் திரும்பி வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பாடத்துக்காகக் கணினியைத் திறந்தேன். இடம் நிரம்பிவிட்டது, எதையும் சேமிக்க முடியாது என்றது. எது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். காவல்காரனின் பெட்டி ஒன்று அகப்பட்டது. அதற்குள் படங்கள், ஆயிரக்கணக்கில். திரையில் தெரிவதையெல்லாம் அவன் சில நிமிடத்துக்கு ஒரு முறை படம் பிடிக்கிறான். பகலில் சேர்த்துவைத்து, இரவு பதினொரு மணிக்கு எங்கோ அனுப்புகிறான். அனுப்பி முடித்தால் பெட்டியைக் காலி செய்துவிடுவான். இப்போது பத்து மணிக்கே இணையம் போய்விடுவதால் அனுப்ப முடியவில்லை. நீ போன நாளிலிருந்து எல்லாம் அப்படியே குவிந்து கிடக்கிறது.

என் படங்கள் இருக்கும் என்று தெரியும், அதற்கு நான் பயப்படவில்லை. ஆனால் அம்மாவும் அதே கணினியில்தானே வேலை செய்கிறாள். மனசு சரியில்லாதவர்கள் திரையில் வந்து அவளிடம் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் அம்மா அறைக்கு வெளியே வானொலியைப் பாடவிட்டு, ஒரு சொல்கூட எங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வாள். அவர்கள் முகமெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்றாவது படத்தைத் திறந்தேன். எங்கள் கணக்கு டீச்சர். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்.

உடனே மூடிவிட்டேன். சத்தியமாக வேறு எதையும் திறக்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்க்காமல் ஆக்க முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னால் அவள் உடைந்துபோவாள். அப்பாவிடம் சொன்னால் "அந்தப் பெட்டிய நீ ஏன் தொறந்தே?" என்பார். உன்னைப் போல என்னையும் கணினியைத் தொடவிடாமல் செய்துவிடுவார். என்ன செய்யட்டும்? பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேனாக்கடை அக்காவின் பெயருக்கு அனுப்பு. அவரிடம் கேட்டுவிட்டேன். காதல் கடிதம் என்று நினைத்துக்கொண்டு ரொம்பச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

பூச்சி


ஜூலை 11

பூச்சி,

கடிதத்தை நனைக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்று முழுக்கக் கம்பம் ஏறினேன். அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரில் இல்லை. என்னுடன் ஏணி பிடிக்கிறவருக்கு மேலே பார்த்தாலே தலை சுற்றும்.

முதலில் உன் பயத்தைப் போக்குகிறேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. வீட்டில் புகை வந்தால் அடுப்பைத் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

நான் இப்போது வீடு வீடாக இணைய இணைப்பு கொடுக்கிறவன். எத்தனையோ வீட்டுக்குள் போய்விட்டேன். எல்லாம் ஒரே கதைதான். வாசலில் மூன்று பூட்டு, உள்ளே ரவுட்டருக்கு அடியில் ஒட்டி வந்த கடவுச்சொல் அப்படியே. "மாத்துங்க சார்" என்றால், "மாத்தினா மறந்துடும் தம்பி" என்பார்கள். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கெஞ்சும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவார்கள். எவனோ முன்பின் தெரியாதவன் 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று கத்தினால் மட்டும் அவன் கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் வீட்டுக்குப் பாதுகாப்பு என்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். வருகிற புதுப்பிப்பைப் போடு, ஆளுக்கொரு கணக்கும் ஆளுக்கொரு கடவுச்சொல்லும் வை, தெரியாதவன் அனுப்பியதைத் திறக்காதே. தீர்ந்தது கதை. நம் அப்பாவோ 'ஒரு வீடு, ஒரு பூட்டு, ஒரு சாவி' என்று அம்மாவையும் உன்னையும் ஒரே கணக்கில் அடைத்துவைத்திருக்கிறார். உனக்குப் போட்ட கண்ணி அம்மாவின் காலிலும் மாட்டியது அதனால்தான்.

நான் போட்ட இலவச இயங்குதளத்தை 'ஓசிச் சாமான்' என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஓசிச் சாமானின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அவர் காசு கொடுத்து வாங்கிய காவல்காரனின் வயிற்றை அவரே பார்த்ததில்லை. அந்தப் படங்கள் எந்தப் பெரிய நிறுவனத்தின் கிடங்குக்குப் போகிறதோ, யார் உட்கார்ந்து பார்க்கிறார்களோ.

உறைக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அப்பா வேலைக்குப் போனதும் அதைச் செருகிக் கணினியை அணைத்துத் திற. கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆம் என்று சொல். காலைக்குள் காவல்காரன் சாம்பல்.

அம்மா என்னைப் பற்றிப் பேசுகிறாளா?

அண்ணன்


ஜூலை 15, இரவு

அண்ணா,

பென் டிரைவை ஜியாமெட்ரி பெட்டியில் வைத்துவிட்டேன். செருக மாட்டேன். போன தடவை நீயும் இதைத்தான் செய்தாய். யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உன் இயங்குதளத்தைப் போட்டாய், அதோடு சேர்ந்து அம்மா எழுதிவைத்திருந்த குறிப்பெல்லாம் போயிற்று. அப்பா அன்று உன்னைத் திட்டியது கொடுமைதான். ஆனால் "கேக்காம லிஃப்ட்டுல கை வைக்கிறவன் மெக்கானிக் இல்ல, கொலைகாரன்" என்று அவர் சொன்னதில் பாதி எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு பாதிக்கு அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன்.

பெரிய நிறுவனம், கிடங்கு என்றெல்லாம் எழுதியிருந்தாயே. அப்படி ஒன்றும் இல்லை. அதைவிட மோசம்.

காவல்காரனை மாற்றத்தான் கடவுச்சொல் கேட்கிறான். பார்க்கக் கேட்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் 'அறிக்கை பெறுபவர்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எதிரே வைத்தியர் கடையின் மின்னஞ்சல் முகவரி.

பார்த்ததும் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. முதல் தடவை வைத்தியர் வந்து காவல்காரனைப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். "மெயில் ஐடி சொல்லுங்க சார்" என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் ஐடிய எந்த மென்பொருளுக்கும் குடுக்கறதில்ல. அது என் கொள்கை" என்றார். வைத்தியர் சிரித்துக்கொண்டே, "அப்ப சும்மா என்னோடதப் போட்டு வைக்கிறேன் சார், பின்னாடி மாத்திக்கலாம்" என்றார். யாரும் மாற்றவில்லை, மறுபடி போட்டபோதும் அதேதான். அப்பா அவ்வளவு ஜாக்கிரதையாக இல்லாமல் இருந்திருந்தால் அம்மா தப்பித்திருப்பாள்.

உறுதியாகத் தெரியட்டும் என்று பழைய மவுஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, பழுது பார்க்கிற சாக்கில் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த கணினி வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அதன் விளிம்பில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருக்கிறார். கடைப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான். மின்னஞ்சல் பெட்டி திறந்தே இருந்தது. காவல்காரன், காவல்காரன், காவல்காரன் என்று பக்கம் பக்கமாக, ஒன்றுகூடத் திறக்கப்படாமல்.

"இதெல்லாம் என்னங்க மாமா?" என்று கேட்டேன்.

"அதுவா? முன்னாடி தெனமும் வந்து குமிஞ்சுதும்மா. விளம்பரமா இருக்கும். எனக்கு நல்ல லெட்டரத் தொறக்கவே நேரமில்ல, இதப் போய் யாரு தொறக்கறது?"

அவர் திறக்கவில்லை. ஆனால் மின்சாரக் கட்டணம் கட்ட, விண்ணப்பம் அச்சடிக்க என்று யார் யாரோ அந்த நாற்காலியில் உட்கார்கிறார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்கிறார்கள். ஒரே ஒரு சொடுக்கு போதும்.

இதைவிடப் பெரிய இடி ஒன்று. இடம் நிரம்பிவிட்டது என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா உடனே வைத்தியருக்கு போன் போட்டார். அவர், "ஒரு ராத்திரி மட்டும் நெட்ட அணைக்காம விடுங்க சார். சேந்ததெல்லாம் அனுப்பிட்டு அதுவே காலியாயிடும்" என்றாராம். எங்கே அனுப்பும் என்று இவர் கேட்கவும் இல்லை, அவருக்குத் தெரியவும் இல்லை. யாரும் கவனிக்காமல் இணையத்தைத் திறந்துவைக்க அப்பாவுக்கு மனசு வராது. அதனால் இரவு வேலை முடிகிற அன்று, இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருக்கப்போகிறாராம். அன்று இரவு பதினொரு மணிக்கு நான்கு மாதத்து முகங்கள் எல்லாம் கடைக்குப் போய்ச் சேரும்.

பெட்டியை நானே காலி செய்துவிடலாம் என்று ஒரு நாள் விரல்வரைக்கும் வந்தது. செய்யவில்லை. இது போனாலும் நாளைக்கு மறுபடி சேரும். கடையில் இருப்பதும் அப்படியே இருக்கும்.

இன்று வகுப்பில் கணக்கு டீச்சர் என்னை எழுப்பினார். "ஒரு வாரமா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறே. கணக்கு மேல கோவமா, என் மேல கோவமா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் உன் தட்டை உள்ளே எடுத்துவைக்கவிட மாட்டேன் என்கிறாள்.

பூச்சி


ஜூலை 19

பூச்சி,

உன் கடிதத்தை ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தேன். கீழே வீட்டுக்காரர் "தம்பி, நெட் வந்துடுச்சா?" என்று மூன்று முறை கத்தினார். வந்து வெகு நேரமாகியிருந்தது, எனக்குத்தான் இறங்கி வர முடியவில்லை.

அம்மாவின் குறிப்பு விஷயத்தில் நீ சொன்னது சரி. போதுமா? இதற்கு மேல் கேட்காதே.

அப்பா ஒரு நடமாடும் பூட்டு. சாவியைத் தன் வயிற்றுக்குள்ளேயே விழுங்கிவிட்ட பூட்டு. கதவையெல்லாம் சாத்திவிட்டு ஜன்னல் சாவியை எதிர்க்கடையில் கொடுத்துவைப்பது அவரால் மட்டும்தான் முடியும். நான் வந்து பேசினால் கேட்க மாட்டார். அவராகக் கூப்பிடாமல் அந்த வாசலை நானும் மிதிக்க மாட்டேன்.

ஆனால் உனக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். நம் வீட்டு இணைப்பும் எங்கள் நிறுவனத்துடையதுதான். உங்கள் வட்டாரத்தைப் பார்க்கிறவன் எனக்குத் தோழன். சனிக்கிழமை இரவு பத்தரைக்கு 'பராமரிப்பு' என்று சொல்லி உங்கள் இணைப்பைத் துண்டித்துவிடச் சொல்கிறேன். அப்பா விடிய விடியச் செத்த ரவுட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். யாருக்கும் எதுவும் தெரியாது. சரி என்று ஒரு வரி எழுது.

இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் யாருக்கும் காட்டாதே. நேற்று ஒரு வயர் இணைப்பை முடித்துவிட்டு, பழக்கத்தில் மறுபடி பிரித்து மறுபடி இணைத்தேன். ஏணிக்காரர், "ஒரு தடவ பாத்தா போதாதா உனக்கு?" என்றார். போதாது. சின்ன வயதில் அப்பா என்னை லிஃப்ட்டுக்கு மேலே இருக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கயிற்றில் என் கையை வைத்துக் காட்டியிருக்கிறார். "கண்ணு பொய் சொல்லும்டா, கை சொல்லாது." நான் வேலையில் பெயர் வாங்கியிருப்பது அவருடைய கையால்தான். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அண்ணன்


ஜூலை 22, இரவு

அண்ணா,

வேண்டாம். உன் தோழனிடம் எதுவும் சொல்லாதே.

நமக்குத் தெரியாமல் காவல்காரன் நம்மைப் பார்க்கிறான் என்றுதானே இவ்வளவு சண்டை. அப்பாவுக்குத் தெரியாமல் நீ அங்கிருந்து இணைப்பைத் துண்டித்தால், 'தூரத்திலிருந்து உள்ளே வருகிறவன்' என்று அவர் சொன்னது உண்மையாகிவிடும். அவர் அப்படிச் சொன்னது தப்பு என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அதைக் கெடுக்காதே.

நானே கேட்கப்போகிறேன். சாப்பாட்டு மேசையில், அம்மாவையும் வைத்துக்கொண்டு. எழுத ஆரம்பித்தபோது பயமாக இருந்தது. ஆனால் எழுதி முடித்த பிறகு கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

பூச்சி


ஜூலை 25, சனி, இரவு

அண்ணா,

கேட்டுவிட்டேன்.

அப்பா ரவுட்டர் வயரைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டைக் கையெழுத்துப் போடாமல் நிறுத்திவைத்த கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா நிறுத்தினீங்க? நல்லாத்தானே ஓடுச்சு?" என்றேன்.

"ஓடறதெல்லாம் நல்லா ஓடறதுன்னு அர்த்தமா? கயிறு எங்க போய் முடியுதுன்னு காட்டச் சொன்னேன். மூடி வச்சிருக்கோம், தொறக்க முடியாதுன்னான். தொறக்காத இடத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"காவல்காரன் இன்னைக்கு ராத்திரி எல்லாத்தையும் அனுப்பும்னீங்களே. அந்தக் கயிறு எங்கப்பா போய் முடியுது?"

"கம்பெனிக்கு."

"நீங்க பாத்தீங்களா?"

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. பெட்டியைச் சொன்னேன், கடையைச் சொன்னேன், முகவரியைச் சொன்னேன். டீச்சர் என்று சொல்லவில்லை. "அம்மாகிட்ட பேச வர்றவங்க முகமெல்லாம் அதுல இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. "யாரு முகத்தையாவது அடையாளம் தெரிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "பேர் சொல்லாத. எங்கிட்டகூடச் சொல்லாத" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "எங்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்ற மொத வார்த்தையே, இது நமக்குள்ள இருக்கும்ங்கறதுதான். உங்க புண்ணியத்துல நான் ஒரு வருசமாப் பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். கணினியைத் திறந்து 'அறிக்கை பெறுபவர்' என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "நான்தான் குடுக்க மாட்டேன்னு சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவுடன் கடைக்குக் கிளம்பினார்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம். அப்பா குனிந்து உள்ளே போய், அந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அழிகிறவரை வைத்தியர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாராம். அழித்த பிறகு, "குப்பைத்தொட்டியும் காலியாகணும். நான் பாக்கணும்" என்றாராம். கடவுச்சொல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வைத்தியர், "எனக்கு சத்தியமா தெரியாது சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். "எனக்குந்தான் தெரியாது. அதுக்காக விட்டுட முடியுமா?" என்றாராம் அப்பா. இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

திரும்பி வந்ததும் காவல்காரனைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டார். என் கைபேசியை வாங்கி அதிலிருந்தும் எடுத்துவிட்டார். பெட்டியில் இருந்ததை ஒன்றையும் திறக்காமல் அம்மாவே அழித்தாள். அம்மாவுக்குத் தனிக் கணக்கு, எனக்குத் தனிக் கணக்கு. கடவுச்சொல்லைத் தட்டும்போது அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திங்கள்கிழமை முதல் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நடந்ததைத் தானே சொல்லப்போவதாக அம்மா சொல்கிறாள். சிலர் இனி வராமல் போகலாம். "போனா போகட்டும், பொய்யில உக்காந்து என்னால ஆறுதல் சொல்ல முடியாது" என்கிறாள். டீச்சரும் அதில் ஒருத்தர். அதன் பிறகு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன்.

நான் பயந்த கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பா என்னிடம், "இதையெல்லாம் யாருகிட்ட கேட்டுப் பண்ணே?" என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அண்ணாவுக்கு எழுதினேன். ஆனா அவன் சொன்ன எதையும் பண்ணல" என்றேன். அவர், "துரை இப்ப எங்க இருக்கான்? அட்ரஸ் இருக்கா?" என்றார். உன் உறையை எடுத்துப் பின்பக்கம் திருப்பி மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறைக்கு வந்த பிறகுதான் நெஞ்சில் அடித்தது. அண்ணா, உறைக்குள் உன் கடிதமும் இருந்தது. அந்தப் பத்தொன்பதாம் தேதிக் கடிதம். நடமாடும் பூட்டு, வயிற்றுக்குள் சாவி, எல்லாம். யாருக்கும் காட்டாதே என்று நீ எழுதிய கடைசிப் பத்தியும். என்னை மன்னித்துவிடு. ஓடிப்போய் வாங்கிவிடலாமா என்று பார்த்தேன். விளக்கு எரிகிற மேசையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். காகிதம் அவர் கையில் இருக்கிறது.

இப்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ரவுட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்க மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம். அம்மா எப்போதோ தூங்கிவிட்டாள். இந்த முறை நான் டார்ச்சை அணைக்கப்போவதில்லை. வரட்டும், திறக்கட்டும், என்ன பண்றே என்று கேட்கட்டும். அண்ணாவுக்கு எழுதுகிறேன் என்று சொல்வேன்.

கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார். இருமுகிறார். ஏன் திறக்கவில்லை?

அண்ணா, கதவைத் தட்டுகிறார்